நான்காம் பயிற்சித்தாள்

ப்ரூஜ் நகரில் எத்தனை பொதுக் கழிப்பறைகள் என்று
என்னைக் கேளுங்கள்.
கோமகன்களின் பெயர், போர்களின் ஆண்டு எல்லாம்
வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.
பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை தனியாகப் போய்
கை நிறையச் சில்லறையோடு
ஒவ்வொன்றாய் நுழைந்து பார்த்து வந்தவன் நான்.
ஆளுக்கு ஐம்பது சென்ட், நாற்பத்தொரு பிள்ளைகள்:
கணக்கில் ஏற்றிவிட்டேன்,
பண்பாட்டுச் செலவு என்று.

கிரிம்ஸ்பியிலிருந்து பேருந்து. ஹம்பர் பாலம்.
ஹல் துறைமுகத்தில் இரவுக் கப்பல்.
கடல் புரட்டினால் வேண்டியிருக்கும் என்று
நாற்பத்தொரு காகிதப் பைகள்;
எனக்கொன்று, நாற்பத்திரண்டு.

அபாய மதிப்பீட்டுப் படிவத்தில் மூன்று பத்திகள்:
என்ன அபாயம், எவ்வளவு வாய்ப்பு, என்ன தடுப்பு.
கால்வாய் என்று எழுதினேன்.
மணியடிக்காமல் வரும் மிதிவண்டி என்று எழுதினேன்.
வாஃபிள் கடையில் வேர்க்கடலை: ரோவன் த்ரெல்ஃபால்.
மணிக்கூண்டில் முந்நூற்று அறுபத்தாறு படி: கெசாயா, அவள் இன்ஹேலர்.
காதல் என்று எழுதி
வாய்ப்புப் பத்தியில் மிக அதிகம் என்று போட்டு
தடுப்புக்கு ஒன்றும் தோன்றாமல்
வரிசையையே அழித்தேன்.

அப்புறம் மழை.
மழைக்கு மட்டும் அரை நாள் அலைந்தேன்.
நாற்பத்தொரு பேர் நனையாமல் நிற்க
இந்த ஊரில் எங்கே இடம்?
தேவாலய வாசல் வளைவுக்குள்
காலால் அளந்து பார்த்தேன். இருபது பேர், நெருக்கினால் முப்பது.
துணி வணிகர்களின் கூடத்தடியில் எல்லோருமே நிற்கலாம்.
நின்றேன். நிஜமாகவே தூறியது.
அப்போதுதான் உறைத்தது:
இதைக் கட்டியவனும்
இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பான்.
எத்தனை பேர், எத்தனை மூட்டை,
எந்தப் பக்கம் சாரல்.
இருபத்திரண்டு வருடமாக வரலாறு நடத்துகிறேன்;
ஒரு கொத்தனாரோடு
ஒரே பக்கம் நின்று யோசித்தது அன்றைக்குத்தான்.

எல்லிஸ் ஸ்டாம்ப்
மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன்.
பட்டியலில் முதல் பெயர் அவனுடையது.
ஏன் என்று கேட்டேன்.
"கப்பல்ல தூங்கணும் சார்" என்றான்.
வாரம் ஐந்து பவுண்டாக அலுவலகத்தில் கட்டுகிறான்,
எல்லாம் நாணயம்;
எண்ணி முடிக்கும்வரை நகர மாட்டான்.
அவன் அப்பாவுக்கு மீன் ஏலக்கூடத்தில் இரவு வேலை.
ஒப்புதல் படிவம் மூன்று வாரம் கழித்து வந்தது,
காட் மீன் வாசத்தோடு,
ஓரத்தில் ஈரம் காய்ந்த அலைக்கோடு.
கையெழுத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு கேள்வி:
இரண்டாம் நாள், மூன்றிலிருந்து நான்கு வரை
கட்டம் காலியா இருக்கே, அப்ப பையன் கூட யார்?

அதே கேள்வியை
துணைத் தலைமையாசிரியர் பெட்டிஃபரும் கேட்டார்.
சிவப்புப் பேனாவால் கட்டத்தைச் சுழித்து
நிரப்பவும் என்று எழுதியிருந்தார்.
அருங்காட்சியகம் போட்டுப் பார்த்தேன்.
படகுச் சவாரி. லேஸ் பின்னுவது பற்றி ஓர் உரை.
ஒவ்வொன்றும் அந்தக் கட்டத்துக்குள்
கச்சிதமாகப் பொருந்தியது,
அதுதான் பிடிக்கவில்லை.

அந்த ஒரு மணிநேரத்தில்
யாரோ ஒருத்தி தப்பான பாலத்தில் திரும்புவாள்.
யாரோ பத்து யூரோவுக்கு
அம்மாவுக்குப் பிடிக்காத ஒன்றை வாங்குவான்.
கெசாயா மறுபடி படியேறப் பார்ப்பாள்; பூட்டியிருக்கும்.
எல்லிஸ் என்ன செய்வான் என்று
எனக்குத் தெரியாது.
மழை வந்தால் எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும்
முதல் நாளே காட்டியிருப்பேன்.

எல்லிஸின் அப்பாவுக்கு உண்மையை எழுதினேன்:
யாரும் இருக்க மாட்டார்கள். நான் சதுக்கத்தில் இருப்பேன்.
மறுநாள் அந்தத் தாளிலேயே பதில் வந்தது.
சரி.

பெட்டிஃபருக்கு
அவருக்குப் பிடித்த எழுத்துருவில் தட்டச்சு செய்தேன்:
மூன்று முதல் நான்கு வரை,
பயிற்சித்தாள் எண் நான்கு, தனிநபர் களப்பணி.
கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

மொத்தம் மூன்று பயிற்சித்தாள்தான் இருக்கிறது.